ஃபுன்சா லுஷாகா பர்சரி வாங்கினா பொண்ணு நாலு வருஷம் மாட்டிக்குவாளா?

டர்பன் சாட்ஸ்வொர்த்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க:

"அக்கா வணக்கம். எங்களுக்கு சொந்த ஊர் விருதுநகர் பக்கம். பொண்ணு இங்கயே பொறந்தவ, சவுத் ஆப்பிரிக்கன் ஐடி இருக்கு. இந்த வருஷம் மெட்ரிக் (இங்க அது பன்னெண்டாம் கிரேட்) எழுதறா. ஜூன் பரீட்சையில மேத்ஸ் 71, ஃபிசிக்கல் சயின்ஸ் 63. மேத்ஸ் சயின்ஸ் டீச்சர்தான் ஆவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. ஸ்கூல்ல ஃபுன்சா லுஷாகா பர்சரிக்கு, அதான் டீச்சர் படிப்புக்கு கவர்ன்மென்ட் குடுக்கற உதவிப் பணத்துக்கு, அப்ளை பண்ணச் சொன்னாங்களாம். இவருக்கு வருஷத்துக்கு நாலரை லட்சம் ராண்ட் கிட்ட சம்பளம், அதனால என்எஸ்ஃபாஸ் (வருமானம் கம்மியா இருக்கற வீட்டுப் பிள்ளைங்களுக்கு கவர்ன்மென்ட் குடுக்கற படிப்பு உதவி) கிடைக்காதுன்னு சொல்றாங்க. ஆனா இவரு, வாத்தியார் வேலைக்குப் போயி நாலு வருஷம் அடிமை சாசனம் எழுதிக் குடுக்கணுமா, எங்கயோ ஜூலூலாண்ட் காட்டுக்குள்ள தூக்கிப் போட்டுடுவான், பேசாம பி.எஸ்சி சேரு, பி.எட் அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்றாரு. வீட்ல தினமும் சண்டை. கையெழுத்து போடலாமா வேண்டாமா?"

தங்கச்சி, முதல்ல பொண்ணுக்கு ஒரு சபாஷ் சொல்லிடுங்க. 71-ம் 63-ம் வெச்சிருக்கற பிள்ளைங்க எல்லாம் இஞ்சினியரிங், ஆக்சுவரின்னு ஓடற காலத்துல டீச்சராவேன்னு ஒருத்தி பிடிவாதம் பிடிக்கறான்னா, டீச்சர் டிரெய்னிங் பக்கமே இத்தன வருஷம் இருக்கறவளுக்கு அது சந்தோஷமாத்தான் இருக்கும், அதனால நான் கொஞ்சம் ஒரு பக்கமா சாயறேன்னு தோணுச்சுன்னா அதையும் கழிச்சுட்டே படிங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல ஒரு குழப்பம் இருக்கு, அத மொதல்ல தீத்துடலாம். நம்ம ஊர்ல பி.எட்னா டிகிரி முடிச்சிட்டு அதுக்கு மேல பண்றது. இங்க அப்படி இல்ல. இங்க பி.எட்ங்கறதே ப்ளஸ் டூ முடிச்ச உடனே சேர்ற நாலு வருஷ முதல் டிகிரி. "பி.எஸ்சி சேரு, பி.எட் அப்பறம்"னு அவர் சொல்றது இங்க வேற பேர்ல இருக்கு, பிஜிசிஇன்னு சொல்லுவாங்க, டிகிரி முடிச்சவங்களுக்கு ஒரு வருஷம். ஆக ரெண்டு வழி. ஒண்ணு நாலு வருஷ பி.எட், இன்னொண்ணு மூணு வருஷ பி.எஸ்சி ப்ளஸ் ஒரு வருஷ பிஜிசிஇ. ரெண்டுமே நாலு வருஷம்தான், ரெண்டுக்குமே ஃபுன்சா லுஷாகா இருக்கு, ஆனா பணக்கணக்கு வேற வேற, அதுக்கு கீழ வர்றேன்.

இப்ப அந்த பர்சரி என்னன்னு சுருக்கமா. 2007-ல எஜுகேஷன் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சது, டீச்சர் தட்டுப்பாடு இருக்கற பாடங்களுக்கு ஆள் சேர்க்கறதுக்குன்னே. ஃபீஸ், தங்கற இடம், சாப்பாடு, புக்ஸ், கைச்செலவுக்குக் கொஞ்சம், எல்லாம் அதுல அடக்கம். மேத்ஸும் ஃபிசிக்கல் சயின்ஸும், அதுவும் பத்துல இருந்து பன்னெண்டாம் கிரேட் வரைக்கும் எடுக்கறதுக்கு, லிஸ்ட்ல முன்னால நிக்கற பாடங்கள். சவுத் ஆப்பிரிக்க சிட்டிசனுக்கு மட்டும்தான், பெர்மனன்ட் ரெசிடென்ட்னா கிடைக்காது (உங்க பொண்ணோட ஐடியில சிட்டிசன்னு இருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க, இங்க பொறந்தாலே சிட்டிசன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, எல்லாருக்கும் அப்படி இல்ல). என்எஸ்ஃபாஸ் மாதிரி மூணரை லட்சம் ராண்ட் வருமான வரம்பு வெச்சு வடிகட்டற திட்டம் இல்ல இது, மார்க்கும் பாடமும்தான் முக்கியம். பணத்தப் பட்டுவாடா பண்றது மட்டும் என்எஸ்ஃபாஸ் வழியா நடக்கும், அதனாலதான் பலர் ரெண்டையும் ஒண்ணுன்னு குழப்பிக்கறாங்க.

அதுக்கு பதிலா அவங்க கேக்கறது: எத்தன வருஷம் பணம் வாங்கினியோ அத்தன வருஷம் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல, எந்த ஸ்கூல்னு ப்ராவின்ஸ் டிபார்ட்மென்ட் சொல்றதுல, டீச் பண்ணணும். பண்ணலன்னா வாங்கின பணம் கடனா மாறும், வட்டியோட கட்டணும். தனியார் ஸ்கூல்ல போயி பண்ணினா கணக்குல வராது.

இப்ப அடிமை சாசனம். தங்கச்சி, நேட்டால் மண்ணுல உக்காந்துக்கிட்டு அத சொல்லும்போது கொஞ்சம் யோசிக்கணும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னதா சொல்லுங்க, 1860-ல இருந்து கப்பல்ல வந்து அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கரும்பு வெட்டின ஆளுங்களோட பேரப்பிள்ளைங்கதான் உங்க பக்கத்து வீட்ல இருக்காங்க. சரி அத விடுங்க, விஷயத்துக்கு வர்றேன். அவர் கவனிக்காத ஒண்ணு என்னன்னா அந்த நாலு வருஷமும் சும்மா போறதில்ல. முழு சம்பளம், மத்த டீச்சருக்கு என்னவோ அதே சம்பளம், பென்ஷன் ஃபண்ட், லீவு எல்லாம் உண்டு. வேற விதமா கேக்கறேன், பர்சரி எடுக்காமலே பி.எட் முடிச்சிருந்தா உங்க பொண்ணு என்ன பண்ணுவா? கவர்ன்மென்ட் ஸ்கூல்லதான் வேல தேடுவா. அந்த வேலையையே குடுத்து, படிப்புச் செலவையும் குடுக்கறாங்க. டீச்சர் வேலைய அவ உண்மையிலயே விரும்பறான்னா இந்த பாண்ட்ல (ஒப்பந்தத்துல) அவ இழக்கறது ஒண்ணே ஒண்ணுதான், எந்த ஸ்கூல்ங்கறத தேர்ந்தெடுக்கற உரிமை. விரும்பலன்னா, ஃபீஸ் கட்ட வழியில்லாததால கையெழுத்து போடறான்னா, அப்ப இது நிஜமாவே சுமைதான், ரெண்டாவது வருஷத்துலயே முகம் தொங்கிடும், அந்த மாதிரி பிள்ளைங்கள நான் நிறைய பாத்துட்டேன். அமெரிக்காவுல நாய்ஸ்னு ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கு, அங்க நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் குடுக்கறது, இதே மேத்ஸ் சயின்ஸ் டீச்சருக்குத்தான், அதுல ஒரு வருஷ பணத்துக்கு ரெண்டு வருஷம் டீச் பண்ணணும். இங்க ஒண்ணுக்கு ஒண்ணுதான். அவரு கொஞ்சம் ஆறட்டும்.

அடுத்து ஜூலூலாண்ட் காடு. இதுல நான் பூசி மெழுக மாட்டேன். அவளுக்கு டர்பன் பக்கத்துலயே பைன்டவுன்லயோ ஃபீனிக்ஸ்லயோ போஸ்டிங் கிடைக்கலாம், ஜோசினி பக்கம் கிடைக்கலாம், அது டர்பன்ல இருந்து நாலு மணி நேரம். அங்க ஆள் தேவை இருக்கறதாலதான் இந்த பணமே இருக்கு. 2025-ல பார்லிமென்ட்ல சொன்ன பதில் ஒண்ணு, நாட்டுல 464 கவர்ன்மென்ட் ஸ்கூல்ல மேத்ஸ்ங்கற பாடமே எடுக்கறதில்ல, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித் தர்ற மேத்தமேட்டிக்கல் லிட்டரசி மட்டும்தான், அதுல அதிகம் இருக்கறது நம்ம குவாசுலு-நேட்டால்லதான். அந்த ஸ்கூல்ல படிக்கற பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் இஞ்சினியரிங் பக்கமே போக முடியாது, கதவு ஒன்பதாம் கிரேட்லயே சாத்தியாச்சு.

நக்குத்து பக்கம் ஒரு ஸ்கூலுக்கு டீச்சிங் ப்ராக்டிஸ் பாக்கப் போனப்ப நடந்தத சொல்றேன். பதினொண்ணாம் கிரேட், கிளாஸ்ல அம்பது பேருக்கு மேல, ஆசிட் பேஸ் பாடம். லேப்னு ஒரு ரூம் இருக்கு, உள்ள உடைஞ்ச நாற்காலி அடுக்கி வெச்சிருக்காங்க. சொட்டு சொட்டா அளந்து விடற ப்யூரெட் குழாய் கிடையாது. அந்த ஸ்டூடன்ட் டீச்சர் பொண்ணு கிளினிக்ல இருந்து ஊசியில்லாத ப்ளாஸ்டிக் சிரிஞ்ச் வாங்கிட்டு வந்திருக்கா, அதுல மில்லி கோடு போட்டிருக்குமே அதான் அவளுக்கு ப்யூரெட். இண்டிகேட்டருக்கு செவப்பு முட்டைக்கோஸ வேக வெச்சு வடிச்ச தண்ணி ஜாம் பாட்டில்ல. வினிகர், சமையல் சோடா. சொட்டு சொட்டா விட விட கலர் மாறுது, பின் பெஞ்ச்ல இருந்த பசங்க மேசை மேல ஏறி நின்னு பாக்கறானுங்க, அவ இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லி அதையே ஜூலூல திருப்பி சொல்றா. அவ நம்ம பொண்ணுதான், டோங்காட்காரி. ஜூலூ எங்க கத்துக்கிட்டன்னு கேட்டேன், பாதி கேம்பஸ்ல, பாதி டாக்ஸியிலன்னு சொன்னா. (யுகேஇசட்என்ல, அதான் குவாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டியில, 2014-ல இருந்து ஜூலூ தெரியாத பிள்ளைங்க அத ஒரு பாடமா படிச்சே ஆகணும். உங்க பொண்ணு இப்பவே ஆரம்பிச்சா நல்லது, ஸ்கூல் ஜூலூ பத்தாது, பசங்க பேசற ஜூலூ வேணும்.)

அதே ஸ்கூல்ல மத்தியானத்துக்கு மேல கரண்ட் இல்ல, டீச்சர்ங்க தங்கற வீட்டுக்கு தண்ணி டேங்கர்லதான் வரும். அதையும் சொல்லணும்ல. தனியா ஒரு சின்னப் பொண்ண அங்க அனுப்பறதுக்கு அப்பாவுக்கு பயம் வர்றது நியாயம்தான், அத கேலி பண்ணாதீங்க. எங்க தங்குவா, கூட யார் இருப்பாங்க, வீக்எண்டு எப்படி வருவான்னு போஸ்டிங் வரும்போது பிரின்சிபல்கிட்டயே போன்ல கேக்கலாம், முதல் தடவை நீங்களே கூட்டிட்டுப் போயி பாத்துட்டு வரலாம். எந்த ப்ராவின்ஸ் வேணும்னு விருப்பம் சொல்லலாம், ஆனா கடைசி முடிவு அவங்களோடது.

இதுக்கு நேர் எதிரான பிரச்சனை ஒண்ணும் இருக்கு, அத பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க. தூரமா போடுவாங்கன்னு நீங்க பயப்படறீங்க, போஸ்டே குடுக்காம இழுத்தடிச்சா என்ன பண்றதுன்னு நான் பயப்படறேன். ப்ராவின்ஸ்கிட்ட பணம் இல்ல. 2024-ல வெஸ்டர்ன் கேப் 2,400-க்கு மேல டீச்சர் போஸ்ட்ட குறைக்கறோம்னு அறிவிச்சுச்சு, நம்ம ப்ராவின்ஸ் டிபார்ட்மென்ட் கதையும் நீங்க நியூஸ்ல பாக்கறதுதான். பர்சரியில படிச்சு முடிச்சிட்டு வீட்ல உக்காந்து போனையே பாத்துக்கிட்டு இருக்கற பிள்ளைங்க இருக்காங்க. மேத்ஸ் ஃபிசிக்கல் சயின்ஸ் காம்பினேஷனுக்கு இந்த ஆபத்து கம்மி, இருக்கற டீச்சர்ல கிட்டத்தட்ட பாதிப்பேர் வயசு அம்பதத் தாண்டினவங்க, வரிசையா ரிடையர் ஆகப்போறாங்க. ஆனா கம்மின்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. அதனால கான்ட்ராக்ட் கைக்கு வந்தா மொதல்ல தேடிப் படிக்க வேண்டிய பகுதி, டிபார்ட்மென்ட் போஸ்ட் தர முடியாம போனா என்ன ஆகும்ங்கறது. அடுத்தது ஒரு பாடம் ஃபெயிலானா என்ன, வருஷம் திரும்பப் படிச்சா பணம் வருமா, நடுவுல பாடம் மாத்தினா என்ன. மேத்ஸ்னு சொல்லி பணம் வாங்கிட்டு ரெண்டாவது வருஷம் கஷ்டமா இருக்குன்னு பெர்மிஷன் இல்லாம டூரிசம் பக்கம் தாவினா பர்சரி போயிடும். கையெழுத்து போடறதுக்கு முன்னாடி மூணு பேரும் டேபிள்ல உக்காந்து அந்த பேப்பர சத்தமா படிங்க. அப்பாவும் இருக்கணும். சண்டைக்கு அது நல்ல மருந்து.

பி.எஸ்சி வழி மோசம்னு நான் சொல்லல. பாடத்துல ஆழம் கூட கிடைக்கும், நடுவுல மனசு மாறினா வேற கதவு திறந்திருக்கும். ஆனா மூணு வருஷ செலவும் உங்க தலையில, என்எஸ்ஃபாஸும் கிடையாது, அப்ப பேங்க் லோன், அதுக்கு வட்டி. கடைசி ஒரு வருஷ பிஜிசிஇக்கு மட்டும் ஃபுன்சா லுஷாகா வாங்கினா பாண்ட் ஒரு வருஷம்தான். ஆக நாலு வருஷ பாண்ட், கடன் இல்ல. இல்லன்னா ஒரு வருஷ பாண்ட், மூணு வருஷ கடன். உங்க வீட்டுக்காரர் கடன் வாங்கறதப் பத்தி என்ன நினைக்கறாருன்னு கேட்டுப் பாருங்க. இன்னொண்ணு, பி.எஸ்சி எடுத்தா ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டையும் விடக்கூடாது. பயாலஜி நல்லா இருக்குன்னு அந்தப் பக்கமா போயி ஃபிசிக்ஸ தொடாம டிகிரி முடிச்சவங்க, பிஜிசிஇல ஃபிசிக்கல் சயின்ஸ் எடுக்க முடியாம வந்து நிக்கறாங்க. முதல் வருஷ ஃபிசிக்ஸ்ல தடுக்கி விழற பிள்ளைங்களும் அதிகம், 63-ங்கறது பாஸுக்கு நல்ல மார்க், பி.எஸ்சி ஃபிசிக்ஸுக்கு கொஞ்சம் மெலிசு. ஃபைனல்ல 70 வந்துச்சுன்னா ரெண்டு வழிக்கும் தைரியமா போகலாம்.

என் அபிப்ராயம் கேட்டா, உங்க வீட்டு நிலைமைக்கு பி.எட்தான். பி.எட்ல இன்னொரு லாபம், முதல் வருஷத்துல இருந்தே ஸ்கூலுக்கு அனுப்பி பழக்குவாங்க, நாலு வருஷத்துல மொத்தம் 20 வாரத்துக்கு குறையாம கிளாஸ்ல நிக்கணும்னு விதி இருக்கு. தனக்கு இது ஒத்துவருமா வராதான்னு சீக்கிரம் தெரிஞ்சிடும். முதல் வருஷத்தோட விலகினா திருப்பிக் கட்ட வேண்டியது ஒரு வருஷ பணம், நாலாவது வருஷத்துல விலகினா தலைமேல வீடு இடிஞ்ச மாதிரி.

மத்த பர்சரிகளும் இருக்கு. ஜேக்ஸ் கெர்வெல் ஃபெல்லோஷிப்னு ஒண்ணு, டீச்சராகப் போற பிள்ளைங்களுக்குன்னே, செலக்‌ஷன் கடுமையா இருக்கும், இன்டர்வ்யூவெல்லாம் உண்டு, உங்க பொண்ணு பேசக்கூடியவளா இருந்தா முயற்சி பண்ணலாம். தனியார் ஸ்கூல் சங்கம் இசாசா நடத்தற இன்டர்ன்ஷிப்ல ஸ்கூல்ல வேல பாத்துக்கிட்டே தொலைதூரக் கல்வியில டிகிரி பண்ணலாம். ரெண்டுக்கும் சேத்து அப்ளை பண்ணுங்க, ஆனா ரெண்டு பாண்ட்ல ஒரே நேரத்துல கையெழுத்து வேண்டாம்.

இப்ப தேதி விஷயம், இதுலதான் நம்ம ஆளுங்க கோட்ட விடறாங்க. பர்சரி வேற, அட்மிஷன் வேற. யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சாத்தான் பர்சரி. குவாசுலு-நேட்டால்ல இருக்கற யுனிவர்சிட்டிங்களுக்கு சிஏஓங்கற பொது அப்ளிகேஷன் ஆபீஸ் வழியாத்தான் அப்ளிகேஷன், வழக்கமா செப்டம்பர் கடைசியில மூடிடுவாங்க. டீச்சர் படிப்பு யுகேஇசட்என்ல பைன்டவுன் எட்ஜ்வுட் கேம்பஸ்ல, உங்க வீட்ல இருந்து தினமும் போயிட்டு வரலாம். டியூட்டிக்கும் (டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி) சேத்து போடுங்க, அவங்க பி.எட் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல. ஃபுன்சா லுஷாகாவுக்கு ஆன்லைன்ல அக்டோபர் வாக்குல திறந்து ஜனவரியில மூடுவாங்க, அந்தந்த வருஷ தேதிய டிபார்ட்மென்ட் சைட்டுல பாத்துக்கோங்க. ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. வாட்ஸ்அப்ல "நான் வாங்கித் தர்றேன், 500 ராண்ட் அனுப்புங்க"ன்னு வர்றவன் திருடன், ப்ளாக் பண்ணிடுங்க, ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க.

கிடைச்சாலும் பணம் பிப்ரவரி முதல் தேதி வந்து நிக்காது. லேட்டாகும், சில வருஷம் ரொம்பவே லேட்டாகும், ரூம் வாடகைக்கு பிள்ளைங்க அழுதுக்கிட்டு நிக்கறத ஒவ்வொரு வருஷமும் பாக்கறேன். முதல் ரெண்டு மூணு மாச பஸ், சாப்பாடு, புக் செலவ கையில வெச்சுக்கோங்க. அவ வீட்ல இருந்தே போயிட்டு வந்தா அந்த தலைவலி பாதி இல்ல.

வாத்தியார் வேலைக்கான்னு உங்க வீட்டுக்காரர் இழுத்தது எனக்கு கொஞ்சம் உறுத்துச்சு, அத சொல்லாம விட மனசில்ல. டர்பன்ல சாஸ்திரி காலேஜ் 1929-ல வந்துச்சு, வலங்கைமான்ல பொறந்த சீனிவாச சாஸ்திரி இந்தியாவோட ஏஜென்ட்டா இங்க இருந்தப்ப ஊர் ஊரா பணம் திரட்டி கட்டினது, நம்ம பிள்ளைங்களுக்கு ஹைஸ்கூல் வேணும், டீச்சர்கள் வேணும்னுதான். அதுக்கு அப்பறம் இந்த ஊர்ல டாக்டர், வக்கீல்னு பேர் எடுத்த குடும்பங்கள்ல முக்கால்வாசிக்கு முதல் தலைமுறையில ஒரு டீச்சர் சம்பளம்தான் அடுப்பெரிச்சது. அவர் இங்க வந்து கொஞ்ச காலம்தானே, பக்கத்து வீட்டு பெரியவங்ககிட்ட கேக்கச் சொல்லுங்க, கதை கதையா சொல்லுவாங்க.

செப்டம்பர் லீவுக்கு முன்னாடி அவளோட பழைய ப்ரைமரி ஸ்கூல்லயே கேட்டு ஒரு வாரம் ஏழாம் கிரேட் மேத்ஸ் கிளாஸ்ல உக்கார விடுங்க, ரெண்டு பீரியட் எடுக்கவும் சொல்லுங்க. அதுக்கப்பறமும் அதே பிடிவாதத்தோட வீட்டுக்கு வந்தான்னா போடலாம் கையெழுத்து. ஐடி காப்பிய போலீஸ் ஸ்டேஷன்ல சர்டிஃபை பண்ணும்போது நாலஞ்சு செட்டா பண்ணி வாங்கிக்கோங்க, மூணு மாசத்துக்கு மேல பழசானா பல இடத்துல எடுத்துக்க மாட்டாங்க, அதனால சிஏஓவுக்கு பண்ணினதையே ஜனவரியில நீட்டாதீங்க.